அமலன் எதிர்பார்த்த தண்ணீர்

உலகக் கடலோடிகள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது: தூத்துக்குடி விசைப்படகு டிரைவர் அமலன், கூடாரமடித்துத் தங்கிய அணைக்கட்டில் மீன்பிடிக்கப் புறப்பட்டுவிட்டார்.

"இந்தக் குளத்துக்கு நீ எதுக்குலே?" என்று வாடகைப் படகுக்காரனை இறக்கிவிட்டு, மனைவி ஸ்டெபியோடு போனவர், நடுவில் சேற்றுத்திட்டில் படகை ஏற்றிவிட்டார். ஸ்டெபிக்கு மூச்சிரைப்பு வந்தது. இன்ஹேலரோ கரையில், கூடாரத்துக்குள். செல்போனில் சிக்னல் இல்லை. இறங்கித் தள்ளப் போனவரைச் சேறு இடுப்புவரை விழுங்கியது. தொற்றி ஏறித் தப்பினார்.

"பொறுளா, சாயங்காலம் தண்ணி ஏறும்லா? படகு தானா மிதந்துரும்."

"அதுவரைக்கும்... நான் இருக்கணுமே..."

அவள் உதடு நீலம் பாரித்தது. கரையைப் பார்த்துக் கத்தினார், மாதாவைக் கூப்பிட்டார். படகைச் சுற்றியிருந்த தண்ணீர் இன்னும் வற்றியது.

கடலைப் போல அணைக்கட்டில் சாயங்காலம் தண்ணீர் ஏறாது. பாசனத்துக்கு மதகைத் திறந்திருந்தார்கள்.