ஜோடி ஆட்டம்

மசூது சிங்கப்பூரிலிருந்து திரும்பிய வருஷம் குற்றாலத்துக்கு வீடியோ கேம் வந்தது. எண்பத்தாறு சீசன். மெயின் அருவி ரோட்டில் ஒரு லாட்ஜின் கீழே, சிப்ஸ் கடையை ஒட்டிய அறையில், பீரோ உயரத்துக்கு இரண்டு பெட்டிகளை நிறுத்தினான். ஒன்று வந்த மாதமே கெட்டுப்போனது. அதன் மேல் ஈரத்துண்டு காயப்போட்டார்கள். மற்றதில் ஒரு ஆறு ஓடியது.

ஆற்றில் சிவப்புப் படகு ஒன்று, பச்சைப் படகு ஒன்று. சிவப்பு முன்னால் போய்ப் பாறைகளைச் சுட்டு உடைக்கவேண்டும். பச்சை பின்னால் வந்து தண்ணீரில் கைதூக்கி நிற்கும் ஆட்களை ஏற்றிக்கொள்ளவேண்டும். ஒருவர் மட்டும் ஆடினால் பச்சையைப் பெட்டியே ஓட்டும். மோசமாக ஓட்டும். எங்காவது முட்டிக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிடும்.

நம்பிராஜன் அந்தப் பெட்டியோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். மேலகரத்தில் வீடு. மனைவி இறந்துவிட்டாள். மகன் சென்னையில் போலீஸ். காலையில் நடந்து வந்து அருவியில் குளிப்பார், இட்லி தின்பார், மசூது கடைக்கு வருவார். இந்த வயதில் இதற்கு அடிமையாகிவிட்டோமே என்ற வெட்கம் முதல் சில நாள் இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. ஸ்டேஷனில் அவர் யாரையும் சுட்டதில்லை. இங்கே சுட்டுக்கொண்டே இருக்கலாம்.

"ஏட்டையா, இன்னைக்கும் பாறையைப் பூராவும் அரெஸ்ட் பண்ணியாச்சா?" என்று சிப்ஸ் கடைக்காரர் கேட்பார்.

"ஓமக்கு வேற சோலி இல்லையாவே? எண்ணெய் கருகுது, அதைப் பாரும்."

குழல்வாய்மொழி அந்த அறைக்குள் வந்தது சாரலுக்கு ஒதுங்கத்தான். தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள். கல்யாணம் ஆகவில்லை. தம்பி சங்கரசுப்பிரமணியன் குடும்பத்தோடு தென்காசியில் இருந்தாள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சர்க்கரை வியாதி. தடித்த கண்ணாடி. குடையை மடக்கிக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றவள், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்.

"இடது பக்கம் ஒண்ணு வருது."

நம்பிராஜன் திரும்பவில்லை. இடது பக்கம் ஒரு பாறை வந்து முட்டியது. ஆட்டம் முடிந்தது.

"எப்படிம்மா தெரிஞ்சுது? திரையிலயே இன்னும் வரலியே."

"சத்தம் வருதுல்லா. இடது பக்கம்னா ஒரு மாதிரி, வலது பக்கம்னா வேற மாதிரி. உங்களுக்குக் கேக்கலையா?"

அவருக்குக் கேட்கவில்லை. அவளுக்கு வேலையே காதில்தான் இருந்தது. மசூது ஸ்டூலை இழுத்துப்போட்டு, "அக்கா, சும்மா பச்சையைப் பிடிச்சுப் பாருங்க" என்றான். மழைக்கு ஒதுங்கியவள் அன்று பஸ்ஸைத் தவறவிட்டாள்.

அடுத்த நாளும் வந்தாள். வீட்டில் அருவிக்குக் குளிக்கப் போவதாகச் சொல்லிவிட்டு வருவாள். மத்தியானம் கிளம்பும்போது மசூது கடைக் குழாயில் தலையை நனைத்துக்கொள்வாள்.

"குளிச்ச மாதிரி இருக்கா?"

"பின்னால காயுது, ஆபரேட்டரம்மா. இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்பார் நம்பிராஜன்.

அவருக்கு அவள் ஆபரேட்டரம்மா. அவளுக்கு அவர் ஏட்டையா. அதற்கு மேல் ஒருவரைப் பற்றி ஒருவர் அதிகம் விசாரித்ததில்லை. ஆட்டத்தில் பேசினார்கள். "வலது... நில்லுங்க... ஆளு நிக்கான், எடுங்க... விடுங்க, அவனை விடுங்க." பச்சையை அவள் ஓட்டத் தொடங்கியபின் ஆறு நீண்டுகொண்டே போனது. பாலம் வந்தது. காடு வந்தது. இருட்டான ஒரு குகை வந்தது.

"கடைசில என்னதான்டே இருக்கு?" என்று நம்பிராஜன் கேட்டார்.

"கடல்னு சிங்கப்பூர்ல சொன்னானுவ. நான் பாத்ததில்ல ஏட்டையா. நம்மூர்ல எவன் அதுவரைக்கும் போயிருக்கான்?"

சீசன் முடிந்து கூட்டம் போனபிறகும் இரண்டு பேரும் வந்தார்கள். ஐயப்ப சாமிகள் வந்து போனார்கள். வெயில் வந்தது, அருவி வற்றியது, பாறையில் ஈரம்கூட இல்லை. அருவியே இல்லாத குற்றாலத்தில் குளிக்கப்போகிறேன் என்று எப்படிச் சொல்வது? டாக்டர் நடக்கச் சொன்னார் என்று சொன்னாள். அடுத்த சீசன் தொடங்கியபோது அவள் ஸ்டூலைத் திரைக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நம்பிராஜன் கவனித்தார்.

"கண்ணாடி மாத்தணுமோ?"

"கண்ணாடியில ஒண்ணுமில்ல. கண்ணுக்குள்ள ரத்தம் கசியுதாம். மதுரையில பாத்துட்டாவ. லேசர் வச்சுத் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாதுன்னு சொல்லிட்டாவ."

"வீட்ல?"

"சொல்லலை. தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கான். இதையும் ஏன் அவன் தலையில போடணும்?" அவள் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். "அந்தக் கடலை மட்டும் பாத்திடணும் ஏட்டையா. கண்ணு இருக்கும்போதே."

"பாத்திடலாம்" என்றார். அன்றிலிருந்து விளையாட்டு விளையாட்டாக இல்லை. காலையில் இட்லி தின்னாமலே வந்தார்.

கேரம்போர்டில், சீட்டில், எதிரே உட்கார்ந்து நமக்காக ஆடுகிறவனை ஜோடி என்போம். போலீஸ் லைனில் இருந்த காலமெல்லாம் நம்பிராஜன் அப்படித்தான் சொல்லிவந்தார். நல்ல ஜோடி, மொக்கை ஜோடி, ஏமாத்துக்கார ஜோடி. அவள் வரத் தாமதமானால் மசூதும் வாசலைப் பார்த்துக்கொண்டு, "உங்க ஜோடியை எங்க காணும் ஏட்டையா?" என்று கேட்பான். அந்த அறைக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருந்ததில்லை. அறைக்கு வெளியே இருந்தது.

ஆனி மாதம். நல்ல சாரல். அன்று குகையைத் தாண்டிவிட்டார்கள். அதுவரை பார்க்காத இடம். ஆறு அகலமாகிவிட்டது, கரையில் தென்னை மரங்கள் வந்தன. மசூது கல்லாவை விட்டுவிட்டு வந்து பின்னால் நின்றான். "இது அதேதான். கடல் வரப்போகுது" என்றான். குழல்வாய்மொழியின் முகம் திரையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

சங்கரசுப்பிரமணியனும் அன்று குற்றாலத்துக்கு வந்திருந்தான். தாலுகா ஆபீஸில் கிளார்க். வீரகேரளம்புதூரிலிருந்து, சொன்ன நாளுக்கு முன்பே, அக்கா வெளியே போனபிறகு மகளைப் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். வந்தது வந்தோம், அருவியில் குளித்துவிட்டுப் போகலாம் என்றார்கள். குளித்தாயிற்று. மாப்பிள்ளையின் தாயார் சிப்ஸ் வாங்கவேண்டும் என்றாள்.

சிப்ஸ் கடை வாசலில் நின்றவனுக்குப் பக்கத்து அறைக்குள் அக்காவின் முதுகு தெரிந்தது.

"அக்கா?"

அவளுக்குக் கேட்டது. ஆனால் திரும்ப முடியாது. வலது பக்கம் ஒரு ஆள் கைதூக்கி நின்றான்.

"இவுகதான் பொண்ணோட அத்தையா?" மாப்பிள்ளையின் தாயார் எட்டிப்பார்த்தாள். பெட்டிக்கு முன்னால் தோளும் தோளும் இடிக்கும்படி ஒரு ஆணும் பெண்ணும். "பக்கத்துல இருக்கது யாரு? ஒங்க சொந்தமா?"

சங்கரசுப்பிரமணியனுக்குத் தெரியவில்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் நம்பிராஜன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், பதில் சொன்னார்.

"நான் இவங்க ஜோடி. கொஞ்சம் பொறுங்க, இந்தக் கட்டம் முடியட்டும்."

"ரெண்டு சீசனா ஜோடில்லா. இவங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது" என்றான் மசூது பெருமையாக.

யாரும் பேசவில்லை. குழல்வாய்மொழிக்கு அந்த மௌனம் கேட்டது. கையை எடுத்துவிட்டாள். பச்சைப் படகு ஒரு பாறையில் முட்டி உடைந்தது.

"என்னம்மா இது, கையை எடுத்திட்டீங்களே!" என்று கத்திவிட்டுத்தான் நம்பிராஜன் திரும்பிப் பார்த்தார்.

மாப்பிள்ளை வீட்டார் மரியாதையானவர்கள். ஒன்றும் கேட்கவில்லை. சிப்ஸ் வாங்கினார்கள், தென்காசிக்கு வந்து சாப்பிட்டார்கள், சிரித்துப் பேசிவிட்டுப் பஸ் ஏறினார்கள். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. தரகர்தான் வந்து சொன்னார். பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு, அத்தைக்காரி இந்த வயசுல ஒருத்தனைச் சேத்துக்கிட்டு ரோட்டில நிக்கா, அந்த வீட்டில போய் எப்படிச் சம்பந்தம் வைக்கிறது என்று கேட்டார்களாம்.

சங்கரசுப்பிரமணியன் கத்தவில்லை. அக்காவிடம் எல்லாவற்றையும் கேட்டான். அவள் சொன்னாள். நம்பினான். நம்பி என்ன செய்ய?

"எனக்குப் புரியுது. ஊருக்குப் போய் நான் எப்படிப் புரியவைக்க? நீ ஆடு, பாடு, என்ன வேணும்னாலும் செய். இவ கல்யாணம் முடியட்டும் அக்கா. அதுவரைக்கும் அந்தப் பக்கம் போகாதே."

அவன் கேட்டதில் தப்பில்லை. அவளும் சரி என்றாள். கண்ணைப் பற்றி அப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பானா என்று கேட்டால், விட்டிருக்கமாட்டான்.

கல்யாணம் சீக்கிரம் முடியவில்லை. ஒரு பேச்சு ஊருக்குள் போய்விட்டால் வருகிற வரனெல்லாம் அதைக் கேட்டுவிட்டுத்தான் வரும். சில வரன் பாதி வழியிலேயே திரும்பும்.

நம்பிராஜனுக்கு அவள் ஏன் வரவில்லை என்று முதலில் தெரியவில்லை. மசூதுதான் யார் யாரிடமோ விசாரித்துவந்து சொன்னான்.

"நீங்க அண்ணாச்சின்னு சொல்லியிருக்கலாம்லா ஏட்டையா. கூடப்பொறந்தவன் மாதிரின்னு சொன்னா முடிஞ்சுபோச்சு."

"நான் அவங்க கூடப்பொறக்கலையே."

"ஒரு பேச்சுக்குத்தான்."

"நீ மட்டும் என்ன சொன்ன? ரெண்டு சீசனா ஜோடின்னு நீயும்தானே சொன்ன?"

மசூது துண்டை எடுத்து, கெட்டுப்போன பெட்டியின் தூசியைத் தட்டினான்.

அவர் ஒரு முறை தென்காசிக்குப் போய் அவள் தெருமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பினார். போய் நின்றால் பேச்சு இன்னும் கூடும். போலீஸில் இருந்தவருக்கு அது தெரியும்.

ஆடுவதை அவர் விடவில்லை. வேறு செய்வதற்கு என்ன இருந்தது? தனியாக ஆடினார். பெட்டி பச்சையைக் கொண்டுபோய் முட்டும். டோக்கன் போடுவார். மறுபடி முட்டும். அதற்கடுத்த சீசனில் ஒரு நாள் கொல்லத்துக்காரர் ஒருவர், டூரிஸ்ட் வேன் டிரைவர், தன் ஆட்கள் குளித்துவிட்டு வரும்வரை பொழுது போகாமல் உள்ளே வந்தார். "சேட்டா, ஞானும் கூடட்டே?" என்று பச்சைப் பக்கம் நின்றார். நல்ல கை. அவருடைய ஆட்கள் அன்று லாட்ஜில் தங்கிவிட்டார்கள். மறுநாளும் ஆடினார்கள். குகை தாண்டியது. தென்னை மரங்கள் தாண்டின. கடல் வந்தது.

நீலமாக ஒரு பட்டை. அதன் மேல் மஞ்சளாக ஒரு வட்டம். கொஞ்சம் சங்கீதம். பிறகு ஆறு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அவ்வளவுதான்.

டிரைவர் கைகொடுத்துவிட்டுப் போனார். நம்பிராஜன் அன்று நிலைகொள்ளாமல் இருந்தார். அவளிடம் சொல்லவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பில்லை. ஆனாலும் காத்திருந்தார். தை மாதம் தம்பி மகளுக்குக் கல்யாணம் முடிந்தது என்று மசூது சொன்ன பிறகு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தென்காசிக்கு பஸ் ஏறினார்.

சங்கரசுப்பிரமணியன் கதவைத் திறந்தான். கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வாங்க ஏட்டையா. அக்கா உள்ள இருக்கா."

அவள் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தாள். கண்ணாடி போட்டிருக்கவில்லை. காலடிச் சத்தம் கேட்டதும் முகத்தைத் திருப்பினாள். திருப்பிய திசை சரியாக இருந்தது, பார்வை எங்கோ இருந்தது.

"ஏட்டையாவா? செருப்பைக் கழட்டுத சத்தத்துலயே நினைச்சேன்."

"எப்பயிருந்து?"

"வலது கண்ணு போன வருசம். இடது கண்ணு தீவாளிக்கு முன்னால. கல்யாணத்துல யாரு என்ன சேலை கட்டியிருந்தாவன்னு எனக்குத் தெரியாது."

காபி வந்தது. அவர் டம்ளரைப் பிடித்துக்கொண்டே இருந்தார்.

"என் வாயாலதான் எல்லாம் கெட்டுது."

"வாயி என்ன செய்யும்? உள்ளதைத்தானே சொன்னீய. கேட்டவங்க அப்படி எடுத்துக்கிட்டாவ." அவள் சிரித்தாள். "மசூது எப்படி இருக்கான்?"

"இருக்கான். பெட்டியைக் குடுத்திரப்போறானாம். இப்ப எல்லாரும் வீடியோ டெக்குல படம் பாக்காங்க." பிறகு, அடக்கமுடியாமல் சொன்னார். "கடலைப் பாத்துட்டேன் ஆபரேட்டரம்மா."

அவள் அசையவில்லை.

"நெசமாவே இருக்கா?"

"இருக்கு. நீலமா. சூரியன் இருக்கு. சங்கீதம் வருது. பெருசா ஒண்ணுமில்ல, சின்னக் கடல்தான். ஆனா இருக்கு. அதைச் சொல்லணும்னுதான் வந்தேன்."

அவள் தலையை ஆட்டினாள். விரல்கள் நாற்காலியின் கைப்பிடியில் ஓடின. இடது கை ஒரு பக்கம், வலது கை ஒரு பக்கம்.

"பச்சையை யாரு ஓட்டினா?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஒரு மலையாளத்து டிரைவர். வழிப்போக்கன்."

"ஜோடி ஆட்டமா?"

"ஆமா."

"நல்லா ஓட்டுதாரா?"

"உங்க அளவுக்கு வராதும்மா."

"வராட்டி என்ன? கடலுக்குப் போயிட்டீயல்லா."

வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவள் முகம் ஜன்னல் பக்கம் போய்விட்டது. நம்பிராஜன் காபியைக் குடித்து முடித்தார். ஆறியிருந்தது. ஏதாவது சொல்லவேண்டும் போலிருந்தது. சொல்ல இருந்ததை ஏற்கனவே சொல்லியாகிவிட்டது.

எழுந்து நின்றார்.

"வரட்டுமா?"

"சரி. போங்க" என்றாள்.

இன்னொரு வார்த்தை வரும் என்று அவர் கொஞ்சம் நின்றார். வரவில்லை. வாசலுக்கு வந்து செருப்பை மாட்டும்போது சங்கரசுப்பிரமணியன்தான் பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "போயிட்டு வாங்க ஏட்டையா" என்றான்.