மிஷினுக்கு வைத்த பொட்டு

புது மிஷின் வந்த நாளிலிருந்து கனகா நிம்மதியாக ஒரு வாய் சோறு தின்றதில்லை. ஏற்காட்டில் அவளும் அவள் புருஷன் அண்ணாதுரையும் நடத்துவது ஒரு தகரக் கொட்டகையில் காபி வறுக்கும் பட்டறை. சின்னத் தொழில் செய்கிறவர்கள் தானாக ஓடும் மிஷினுக்கு மாறினால் அரசு மானியம் உண்டு என்று கேள்விப்பட்டு, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி வாங்கிவிட்டாள். அந்தப் பட்டறைக்குத் 'தொழிற்சாலை' என்று முதன்முதலாக மரியாதை கொடுத்தது மானிய ஆபீஸ்தான்.

பாதி மானியம் வந்தாயிற்று. மீதி வர வேண்டுமானால், சோதனைக் காலம் முடிகிறவரை மிஷின் தன்னால் ஓட வேண்டும். நடுவில் யாரும் கைவைத்து நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சேலத்து ஆபீஸ் திரையில் தெரிந்துவிடும். மீதி வராமல் போனால் பேங்க்காரன் வீட்டுக்கு வந்து நிற்பான். இந்தப் பயத்தில் அவள் மிஷினைப் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டாள்.

இத்தனைக்கும் அவள் மிஷினைத் தேடிப் போனதே அண்ணாதுரைக்காகத்தான். கொரோனா வந்து போனதிலிருந்து அவருக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை. கொட்டை கருகுகிறதா சிவக்கிறதா என்று மூக்கை வைத்துத் தொழில் செய்த மனுஷன் மூக்கில்லாமல் என்ன செய்வார்? புது மிஷினில் டிரம்முக்குள் எட்டிப் பார்த்துச் சூட்டை அளக்கும் ஒரு கண்ணாடிக் கண் இருந்தது. கொட்டையின் சூடு குறைந்தால் மிஷினே தீயைக் கூட்டும், ஏறினால் தணிக்கும். கனகாவின் போனிலும் அந்தச் சூடு பச்சைக் கோடாக ஓடும். பார்க்கத்தான் முடியும், நிறுத்த வேண்டுமானால் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. பட்டறையில் உள்ள தராசு, அரைவை மிஷின், கேஸ் சிலிண்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது அவள் வழக்கம். புதுசுக்கு மட்டும் வைக்காமல் விட மனசு வருமா? நல்லபடியாக ஓடணும் சாமி என்று வேண்டிக்கொண்டு அதற்கும் தாராளமாக வைத்தாள். பிறகு கொட்டையைப் போட்டு மிஷினை ஓடவிட்டு, பாக்கெட் கவர் வாங்கச் சேலத்துக்குக் கிளம்பினாள்.

"ஏனுங்க, நான் வாரவரைக்கும் மிஷின்ல கைய வச்சுராதீங்க. என்ன ஆனாலும் அது பாட்டுக்கு ஓடட்டும்" என்று படித்துப் படித்துச் சொன்னாள்.

"சரி புள்ள. நான் பாத்துட்டு மட்டும் உக்காந்துக்கறேன்" என்றார் அவர்.

பஸ் மலையிறங்கத் தொடங்கியதும் போனை எடுத்தாள். கோடு ஏறவே இல்லை. இந்நேரம் கொட்டை வெடிக்கிற சூடு வந்திருக்க வேண்டும். அதுவோ காலைக் காபி ஆறின சூட்டில் நின்றது. மிஷின் கெட்டுவிட்டதோ, ஆபீசில் என்ன நினைப்பார்களோ என்று கவலைப்பட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். அப்போதுதான் நகக்கண்ணில் காய்ந்திருந்த சந்தனம் கண்ணில் பட்டது.

எங்கே வைத்தோம்? வழவழவென்று வட்டமாக, நெற்றி மாதிரி இருந்த இடத்தில். அந்தக் கண்ணாடியின் மேலேயே!

மிஷினின் கண்ணை மூடியாயிற்று. உள்ளே சூடு எவ்வளவு ஏறினாலும் மிஷினுக்குத் தெரியாது. இன்னும் ஏறவில்லை, இன்னும் ஏறவில்லை என்று தீயைக் கூட்டிக்கொண்டே போகும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்குக் கருகல் வாசனையும் தெரியாது. கையை வைக்காதே என்று வேறு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். போன் போட்டாள். சிக்னல் இல்லை.

"நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் டிரைவர் கொண்டை ஊசி வளைவிலேயே பிரேக்கை அழுத்தினார். இறங்கிய இடத்தில் சிக்னல் ஒரு கோடு காட்டியது. மறுபடி போட்டாள். அண்ணாதுரை எடுத்தார்.

"ஏம் புள்ள, கொட்டைல சூடே ஏறலன்னு மிஷின் காட்டுது. ஆனா டிரம்முல இருந்து பொகை வருது. தொறந்து பாக்கலாமுன்னு..."

"தொறக்காதீங்க! காத்துப் பட்டா மூஞ்சிலயே பத்திக்கும். கேஸ மூடிட்டு வெளிய ஓடியாங்க!"

"நடுவுல நிறுத்தக் கூடாதுன்னு நீதான சொன்ன? மானியம்..."

அத்தோடு லைன் போய்விட்டது.

அவர் எதைக் கேட்பார்? காலையில் சொன்னதையா, இப்போது சொன்னதையா? அவள் சொன்ன சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத மனுஷன். இத்தனை வருஷம் அதில் பெருமைப்பட்டவளுக்கு இப்போது அதுவே குலை நடுக்கமாக இருந்தது. மேலே ஏறி வந்த ஜீப்பைக் கைகாட்டி மறித்து ஏறினாள்.

"ஏனுங்கக்கா, ஊட்டுல யாருக்காச்சும் மேலுக்குச் சொகமில்லீங்களா?" என்றான் ஜீப் டிரைவர். போ போ என்று கையை மட்டும் ஆட்டினாள். ஒவ்வொரு வளைவிலும் போன் போட்டாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. திரையில் மட்டும் பச்சைக் கோடு ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் போனைத் தூக்கிப் பள்ளத்தில் எறியலாம் போல வந்தது.

பட்டறைச் சந்தில் திரும்பும்போதே கருகல் நெடி மூக்கில் ஏறியது. கொட்டகையின் தகர இடுக்கிலெல்லாம் கரும்புகை. ஜீப் நிற்பதற்குள் குதித்தாள்.

அண்ணாதுரை வாசல் மண்ணில் உட்கார்ந்திருந்தார். இரண்டு புருவமும் இல்லை. நெற்றியும் கன்னமும் சிவந்து கிடந்தன. கேஸை மூடிவிட்டார். ஆனால் மூடுவதற்கு முன் மானியத்தை நினைத்துச் சிலிண்டரில் கைவைத்தபடி யோசித்து நின்றிருக்கிறார். அதற்குள் டிரம்மின் கதவு தானாகப் பிய்த்துக்கொண்டு தீ முகத்துக்கு வந்துவிட்டது. கனகா அவர் முகத்தைத் தொடப் பயந்து காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

போன் அடித்தது. மானிய ஆபீஸ் சதீஷ் சார்.

"வாழ்த்துக்கள்ங்க! இன்னிக்கி உங்க கோடு நடுவுல எங்கயும் நிக்காம, ஸ்கேல் வச்சுப் போட்ட மாதிரி வந்துருக்கு. சோதனை இத்தோட போதும், மீதி மானியத்துக்கு எழுதிடறேன். நாளைக்கு மத்த பட்டறைக்காரங்களக் கூட்டிட்டு வாரேன். மிஷின சுத்தி நின்னு பாக்கட்டும்."

அண்ணாதுரை காதில் அது விழுந்தது. அவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "சொல்லிராத புள்ள" என்று உதட்டை மட்டும் அசைத்தார். அந்த முகத்தைப் பார்த்தபோது, புகையைப் பார்த்ததைவிட அதிகமாகக் கனகாவுக்குப் பயம் வந்தது.

"சார், கோடு பொய்யுங்க" என்றாள். "கண்ணு மேல பொட்டு வச்சு நானேதான் கெடுத்தேன். உள்ள எல்லாம் கரியாப் போச்சு. இவரு நின்னு யோசிச்சதே மானியத்துக்குப் பயந்துதானுங்க. ஆளுங்களக் கூட்டியாங்க, வேண்டாங்கல. ஆனா மிஷினக் காட்டறதுக்கு முன்னால இவரு மொகத்தக் காட்டுங்க."