ஜி போட்ட வடகரை

எல்லாம் வெப்சைட்டில் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தர் விஜயசங்கர் மூன்றாவது தடவையாகச் சொன்னார். தலை நிமிரவே இல்லை.

அனுசியா வடகரைக்காரி. புருஷன் பட்டாளத்தில். செத்துப்போன மாமனார் பெயரில் இருக்கும் தென்னந்தோப்பை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். ரோடு அகலப்படுத்த யார் யார் நிலம் போகிறது என்று ஊரில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அதை விசாரிக்கத்தான் தென்காசி நில எடுப்பு அலுவலகத்துக்கு வந்திருந்தாள். வெப்சைட்டில் எந்த இடத்தில் என்று கேட்டாள்.

"தேடத் தெரியாதவங்களுக்கு நாங்க என்னம்மா செய்ய முடியும்?"

அது அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. வெளியே போகவில்லை. அவருக்கு எதிரே கிடந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து போனை எடுத்தாள்.

அறிவிப்புகள், படிவங்கள், பதிவிறக்கம் என்று ஒவ்வொன்றாகத் தட்டினாள். ஒன்றில் 'விரைவில்' என்றிருந்தது, இன்னொன்று திறக்கவே இல்லை. மெனுவை விட்டுவிட்டு, கூகுளில் வடகரை என்று தமிழில் தேடினாள். பட்டியல் எதுவும் வரவில்லை. இங்கிலீஷில் கே போட்டுத் தேடினாள். அதுவும் இல்லை. தன் ஆதார் அட்டையில் ஊர்ப்பெயரில் கேவுக்குப் பதில் ஜி அச்சாகியிருப்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. எழுத்தை மாற்றி, கூடவே அலுவலகத்தின் இணைய முகவரியையும் சேர்த்துத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் வந்து விழுந்தது பட்டியல்.

நாற்பத்தாறு பேர். ஏழாவதாக மாமனார் பெயர். ஆட்சேபணை கொடுக்கக் கடைசி நாள், மறுநாள் மாலை ஐந்து மணி.

பஸ்ஸில் வரும்போதே பட்டியலை ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். சாயங்காலம் வீடு வீடாகப் போய் ஆட்சேபணை மனுக்களில் கையெழுத்து கேட்டாள். கடற்கரை அண்ணாச்சி தயங்கினார். அரசாங்கத்தோடு மோத முடியுமா என்றார்.

"மோதல அண்ணாச்சி, கேக்குதோம். கேக்கவும் கூடாதுன்னா நிலத்த இன்னைக்கே எழுதிக் குடுத்துருவோம்."

அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார்.

மறுநாள் மூன்று மணிக்கு முப்பத்தெட்டுப் பேர் அலுவலகத்தில் நின்றார்கள். அதிகாரி இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார் விஜயசங்கர்.

அனுசியா போனை அவர் முன்னால் நீட்டினாள். "கடைசி நாள் இன்னைக்குன்னு நீங்கதான் சார் போட்டிருக்கிய. முத்திர வாங்காம ஒருத்தரும் படியிறங்க மாட்டோம்."

யாரும் நகரவில்லை. அவர் யாருக்கோ போன் பேசினார், இன்னொரு முறையும் பேசினார். நாலே முக்காலுக்கு முதல் மனுவில் முத்திரை விழுந்தது. கடைசி ஆள் ரசீது வாங்கும்வரை அனுசியா மேசையை விட்டு அசையவில்லை.

விசாரணை நடந்தது. மறுபடி அளந்தார்கள். பதினோரு பேர் நிலம் தப்பியது. அவளுடைய தோப்பு அதில் இல்லை. அவள் திரும்பவும் மனுப் போட்டாள்.

அந்த மனுவின் விசாரணை சாரல் சீசனில் வந்தது. குற்றாலம் போகும் கார்கள் இலஞ்சிப் பக்கம் அடைத்துக்கொண்டு நின்றன. பஸ் அசைகிற வழியாக இல்லை. இறங்கி, காகிதங்களைப் பாலித்தீன் பைக்குள் சுருட்டிக்கொண்டு, தூறலில் தென்காசிக்கு நடந்தாள். பத்தரைக்குப் பெயரைக் கூப்பிட்டபோது, நனைந்த சேலையோடு எழுந்து நின்றாள்.