சுவர் தின்னி

மேல்மாடிக் கடைசி வகுப்பில், ஜன்னலுக்குக் கீழே சுவரில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. கொத்தனார் பூசிவிட்டுப் போவார். கொஞ்ச நாளில் மறுபடி பெயர்ந்துவிடும். "சுவர் தின்னி வர்றா" என்று மாணவிகள் கிசுகிசுத்தார்கள். பக்கத்துப் பெஞ்சு காலியாகவே கிடந்தது.

பள்ளிக்குப் புதிதாக வந்த நர்ஸ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பது அவள் வேலை. எல்லோரும் சமர்த்தாக வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார்கள்.

ஒருநாள் பள்ளியே மைதானத்தில் இருந்த நேரம், மாடியில் கரக் கரக்கென்று சத்தம். எலியாக இருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு படியேறினாள். கால் என்னவோ பின்னுக்கே இழுத்தது.

சுவரோரம் ஒரு பெண் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள். நகத்தால் சுரண்டுவதும் விரலை நக்குவதுமாக இருந்தாள். கூப்பிட்டது காதில் விழவில்லை. தோளைத் தொட்டதும் மெல்லத் திரும்பினாள். உதடு எது, சுண்ணாம்பு எது என்று தெரியாத வெளுப்பு. வகுப்பில் ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடும் பெண்தான்.

"இதை ஏம்மா திங்கிற?"

"தெரியல சிஸ்டர். மழை பெஞ்ச வாசனை வரும். வந்தா, கால் தானா இங்க வந்துடும்."

நர்ஸ் அவள் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். பேருக்குக்கூடச் சிவப்பு இல்லை.

"நான் குடுத்த மாத்திரை?"

"எல்லாருமே துப்பிடுவோம். அதைப் போட்டா வெளிக்கு கறுப்பா போகுது. உள்ள ஏதோ அழுகுதுன்னு பயம்."

அப்போதுதான் நர்ஸ் பள்ளத்தை உற்றுப் பார்த்தாள். நகக்கீறல்கள் ஒரு கையினுடையவை அல்ல.

மறுநாள் வகுப்பில் கேட்டாள். "இந்தச் சுவரைத் தின்னவங்க கை தூக்குங்க. திட்ட மாட்டேன். இது ரத்தம் கம்மியானா வர்ற ஆசை."

முதலில் ஒரு கை, இன்னொன்று, அப்புறம் பாதி வகுப்பு. தான் ஒருத்திதான் என்று ஒவ்வொருத்தியும் நினைத்திருந்தாள். பேயைப் பார்ப்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"கறுப்பா போறது மாத்திரையோட நிறம்தான். உள்ள எதுவும் அழுகல" என்றாள் நர்ஸ். அன்றிலிருந்து சாப்பிட்ட பிறகு மாத்திரை. அவளும் கூடவே நிற்பாள். பூச்சி மாத்திரையும் கொடுத்தாள். எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை நடந்தது. ஒட்டடைக்குச்சியை மட்டும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது.

சில மாதங்களில் அவள் முகத்தில் களை வந்தது. சுவர் பூசியபடியே நின்றது.

மகளை மறுபரிசோதனைக்குப் பள்ளி நர்ஸின் அறைக்குக் கூட்டி வந்த ஒட்டடைக்குச்சியின் அம்மா, கிளம்பாமல் வாசலில் தயங்கினாள்.

"இவ மண்ணு, சுவரு எதையும் இப்ப தொடுறதில்ல சிஸ்டர். ஆனா எங்க வீட்டுச் சுவரு இன்னும் பெயருது."

நர்ஸ் நிமிர்ந்து அவள் விரல்களைப் பார்த்தாள். நகக்கண்களில் வெள்ளை.

"உள்ள வாங்கக்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். "கண்ணைக் காட்டுங்க."