எவரிஸ்தோவின் இடது கணுக்கால்

என் அக்கா புருஷன் எவரிஸ்தோவின் இடது கணுக்காலை நம்பி ஒரு வருடம் ஓடிப் பழகினேன். பொகோட்டாவில் அதைவிடப் பெரிய முட்டாள்தனத்தை வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள்.

கடலோரக் கார்த்தஹேனாவில் நடக்கும் டிரையத்லான் போட்டியில் மூன்று பேர் ஓர் அணியாகச் சேரலாம். ஒருவர் கடலில் நீந்துவார், அடுத்தவர் சைக்கிள் மிதிப்பார், மூன்றாமவர் ஓடுவார். நீந்துகிறவரின் கணுக்காலில் கட்டிய, நேரம் கணக்கிடும் பட்டை கைமாறிக் கைமாறிக் கடைசியில் ஓடுகிறவரிடம் வரும். அது வராமல் ஓர் அடி வைக்க முடியாது. எங்கள் அணியில் நீச்சல் என் சிநேகிதி மார்லென், ஓட்டம் நான். சைக்கிள் இந்த மகான்.

ஞாயிறுதோறும் பாத்தியோஸ் மேட்டில் ஏறுவார். உச்சிக் கடையில் எல்லோரும் விலா எலும்புச் சூப்பும் அரேப்பா என்ற சோள ரொட்டியும் சூடான வெல்லத் தண்ணீருமாக உட்கார்ந்திருக்க, இவர் அவர்களைப் பாவிகளைப் போலப் பார்ப்பார். சோளம், சோறு, உருளைக்கிழங்கு, வெல்லம் எல்லாமே விஷமாம். கைப்பேசியில் எவனோ சொன்னானாம். இரண்டு அவித்த முட்டை, ஒரு புகைப்படம், பிறகு இறக்கத்தில் வீடு. குண்டுச் சட்டிக்குள் குதிரை ஓட்டிவிட்டு அதற்குப் பயிற்சி என்று பெயர் வைத்தார்.

மலைக்குக் கீழே ஹிரார்தோத் ஊர் வெயிலில் ஒருமுறையாவது மிதித்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். சிரித்தார்.

"நாம மலைக்காரங்க, நீலியா. இங்க இருக்கிற கொஞ்சூண்டு காத்துலயே மிதிக்கிறோம். கடலோரத்துல காத்து கொட்டிக் கெடக்கு. நான் பறக்கப் போறேன் பாரு."

காற்று அதிகம்தான். கூடவே அடுப்பும் எரியும் என்பது அவர் மண்டையில் ஏறவில்லை.

போட்டியன்று மார்லென் முன்வரிசையிலேயே கரையேறி, பட்டையை அவர் காலில் கட்டிவிட்டாள். கனம் குறையட்டும் என்று ஒரு தண்ணீர் பாட்டிலைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கிளம்பினார். நான் கூடாரத்தடியில் நின்றேன். பயிற்சியில் நான் தோற்கடித்த பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பட்டை வாங்கிக்கொண்டு ஓடினார்கள். அவர் மட்டும் வரவில்லை.

வந்தார், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு. மீசையெல்லாம் தேங்காய்த் துருவல். பாதி வழியில் கண் இருட்டி, கடலோரத்தில் தேங்காய் மிட்டாய் விற்கும் அம்மாளின் கூடையருகே உட்கார்ந்துவிட்டாராம். அவள் ஊட்டிவிட்ட பிறகுதான் உயிர் வந்ததாம். நான் குனிந்து பட்டையை அவிழ்ப்பதற்குள் நடுவர் கையை நீட்டி மறித்தார். சைக்கிளுக்குக் கொடுத்த நேரம் முடிந்துவிட்டது. என் காலணியில் ஒரு துளி தூசியில்லை. அங்கேயே நின்று அழுதேன்.

என்ன கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"சைக்கிள் கனம், நீலியா. லேசா ஒண்ணு வாங்கணும். அந்தத் தேங்கா மிட்டாய் வேற வயித்தைக் கெடுத்துடுச்சு. அடுத்த வருஷம் அதையும் நிறுத்திடறேன்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உயிர் கொடுத்த மிட்டாய்க்கே இந்தப் பழி.

"அடுத்த வருஷம் உங்க காலு எனக்கு வேணாம், அத்தான்," என்றேன். "மூணையும் நானே பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கு நீந்தத் தெரியாது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றாலே நடுக்கம். ஊர் திரும்பிய வாரமே நகராட்சி நீச்சல் குளத்தில், பலகையைப் பிடித்துக்கொண்டு மிதக்கும் குழந்தைகளுக்கு நடுவே இறங்கினேன். அக்காவோடு வந்த எவரிஸ்தோ கரையில் உட்கார்ந்து, கையை எப்படி வீச வேண்டும், காலையில் எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூச்சைப் பிடித்து, வாழ்க்கையில் முதல் முறையாகத் தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினேன். அவர் குரல் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்.