இடது சீட்டில் தூங்குகிறவர்

1

இந்தக் கதை என்னுடையது அல்ல. அக்கா மகனுக்கு ஒரு குட்டி டாங்கி வாங்க ஓசூரில் ஜெயப்ரியாவின் வீட்டுக்குப் போனேன், இதோடு திரும்பினேன். பெயர்களை மாற்றி எழுதிக்கொள்ளச் சொன்னார். மாற்றிவிட்டேன்.

ஓசூரில் மழை பிடித்துக்கொண்ட ஒரு மாலை—

(வேண்டாம். அன்று நல்ல வெயில்.)

2

ஜெயப்ரியாவுக்கு ஒரு கம்பெனியில் டிசைன் வேலை. வீட்டுப் பின்னறையில் ரெசின் பிரிண்டர் வைத்திருக்கிறாள். திரவ ரெசின் ஒளி பட்டுப் படலம் படலமாக இறுகி, தட்டில் தலைகீழாகத் தொங்கியபடி உள்ளங்கையளவு ராணுவ வண்டியாகும். மேசைமேல் போர் விளையாடுகிறவர்களும் அலமாரியில் அடுக்குகிறவர்களும் வாங்குகிறார்கள்.

(நேரில் 'அவர்' என்று பேசியவரை 'அவள்' என்று எழுதக் கூசுகிறது. கதைக்குள் வந்துவிட்டாள், வேறு வழியில்லை.)

அவள் கணவன் இளம்பரிதி ராணுவத்தில் லாரி ஓட்டியவன். ஆறு வருஷத்துக்கு முன் மலைப்பாதையில் லாரி உருண்டு செத்துப்போனான். பின்னால் இருந்த இருவரும் போய்விட்டார்கள். ஓட்டும்போது தூங்கிவிட்டான் என்றுதான் வீட்டுக்குச் செய்தி வந்தது. கல்லாவியில் இருக்கும் மாமனார் வெங்கடப்பன் மகன் படத்தை இன்றுவரை சுவரில் மாட்டவில்லை. இரண்டு வீட்டுப் பிள்ளைகளைக் கொன்றவனுக்குப் படம் எதற்கு என்பார்.

(அதற்குப் பிறகும் ஏன் ராணுவ வண்டிகள் என்று ஜெயப்ரியாவிடம் கேட்டேன். "நல்லா விக்குதுங்க" என்றார். இதைவிட ஆழமான பதில் ஒன்றை நானே எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன்.)

3

ஊத்தங்கரையிலிருந்து கோபி என்பவர் போனில் ஆர்டர் கொடுத்தார். ஒரு ராணுவ லாரி. உள்ளே இரண்டு ஆட்கள். ஒருவர் ஓட்ட வேண்டும். இடது சீட்டில் இருப்பவர் கதவில் தலைசாய்த்துத் தூங்க வேண்டும். வாய் லேசாகத் திறந்திருக்கட்டும் என்றார்.

ஜெயப்ரியா அந்த வாயை மூன்று தடவை திருத்தினாள்.

ஞாயிறு காலை வாங்க வந்த கோபி உட்காரவில்லை. லாரியைக் கையில் வாங்கியவர் ஓட்டுகிறவனைத் தொட்டு, "இது நான்" என்றார். தூங்குகிறவனைத் தொடவில்லை.

"இது உங்க வீட்டுக்காரருங்க. ராத்திரி பூரா ஓட்டுனாரு. கொடு, நான் ஓட்டுறேன்னு நாந்தான் வாங்குனேன். கண்ணசந்தது நான். பொழச்சது நான் ஒருத்தன்தான். விசாரணையில கேட்டப்ப, அவருதான் ஓட்டுனாருன்னு எழுதிக் குடுத்துட்டேன்."

தன் கையாலேயே அவன் தூக்கத்தைச் செய்திருக்கிறாள். செய்தது யாரை என்று தெரியாமல்.

4

இங்கே எனக்குச் சந்தேகம். இத்தனை கடைகள் இருக்க, அவள் கடைக்கே எப்படி வந்தார்? தற்செயல் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அவளும் நம்பவில்லை; கேட்டாள். கடையைத் தேடிப்பிடித்துத்தான் வந்ததாகக் கோபி ஒப்புக்கொண்டார். மூன்று தடவை வாசல்வரை வந்து திரும்பியிருக்கிறார். வாயால் சொல்ல முடியாததால் செய்யச் சொன்னாராம்.

5

அவள் லாரியைச் சுவரில் வீசி—

(வீசவில்லை.)

மன்னித்துவிட்டேன் என்று—

(சொல்லவில்லை. இன்றும் இல்லை.)

நடந்தது இது. மாமனாரின் எண்ணை இரண்டு தடவை தவறாக அழுத்தினாள். மூன்றாவது தடவை அழைப்பு போனது. ஸ்பீக்கரில் போட்டுக் கோபியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"யாரும்மா, ஜெயாவா?" என்றார் வெங்கடப்பன்.

"உங்ககிட்ட ஒருத்தர் பேசணுங்களாம், மாமா."

கோபியின் உதடு அசைந்தது. அவர் சொன்னதை ஜெயப்ரியா என்னிடம் சொன்னார். நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். நான்கும் பொய்யாக ஒலித்தன. அந்தக் கிழவரிடம் முதல் சொல்லாக எதைச் சொல்வது? நீங்கள் சொல்லுங்கள். போன் இன்னும் நீட்டியபடியே இருக்கிறது.