வந்து போகிற கோளாறு

லிஃப்டில் இரண்டு வகைக் கோளாறு உண்டு. ஒன்று, நின்றுவிடும். கயிறா, மோட்டாரா, கதவா என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். இன்னொன்று வந்து வந்து போகும். நான் போய் நின்றால் நல்ல பிள்ளையாக ஓடும். நான் தெருமுனை தாண்டியதும் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவில் ஒரு குடும்பத்தையே நிறுத்தி வைக்கும். இந்த இரண்டாவது வகையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருபத்தெட்டு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். ஐம்பத்து மூன்று வயதில் அந்தக் கோளாறு எனக்கே வந்து சேர்ந்தது.

கம்பெனியில் எனக்குப் பட்டாசு என்று பெயர். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் இது வேறு. சிரித்துக்கொண்டே இருப்பேன், அடுத்த நிமிடம் எரிந்து விழுவேன், அதற்கடுத்த நிமிடம் அழுகை வரும். ஒரு நாள் கண்ட்ரோல் பெட்டியைத் திறந்து வேலை செய்தபோது திருகாணி ஒன்று கைநழுவி லிஃப்ட் குழிக்குள் விழுந்தது. அரை விரல் நீளத் திருகாணி. அதற்காக அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"என்னய்யா, அந்தத் திருகாணி உனக்குச் சொந்தக்காரனா?" என்றான் என் கூட்டாளி. பதினொரு வருடமாக என்னோடு வேலை பார்ப்பவன், எனக்குச் சளைக்காமல் பேசுவான். அவனைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். அவன் போய் அதை எடுத்து வந்தான்.

அன்று சாயங்காலம் மகள் பேசினாள். அவள் வேறு ஊரில் இருக்கிறாள். அப்போது ஆறாம் மாதம், முதல் பிள்ளை. குழந்தை உதைத்த கதையைச் சொன்னாள், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். நடுவில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்றாள். ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுவிட்டாள், அவ்வளவுதான். நான் என்ன கத்தினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. கத்திவிட்டு நானே போனை வைத்தேன். மறுநாள் காலையில் அவளிடமிருந்து செய்தி வந்திருந்தது: "அப்பா, குழந்தை பொறந்தப்புறம் இந்த வீட்ல யாரும் கத்தக் கூடாது. சரியானப்புறம் வாங்க."

ஆக, பேரக்குழந்தையைக் கையில் வாங்க வேண்டுமென்றால் கோளாறைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

எங்கள் தொழிலில் ஒரு விதி. காரணம் தெரியும்வரை ஆள் ஏற்றக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திக் கதவில் பலகையை மாட்டிவிட்டுத்தான் தேட வேண்டும். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். சூப்பர்வைசரிடம் கேட்டு, தனியாகப் போய்ச் செய்கிற பரிசோதனை வேலைக்கு மாறிக்கொண்டேன். கூட்டாளியிடம் வீட்டுப் பக்கம் வராதே என்றேன். மகளுக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. சரி செய்துவிட்டுப் பேசிக்கொள்ளலாம் என்று இருந்தேன். இதை நான் பெரிய பொறுப்பு என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அவள் அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. இரண்டு அறை, ஒரு சமையலறை. சனிக்கிழமை மதியம் கதவைச் சாத்தினால் திங்கட்கிழமை காலை வரைக்கும் பேச ஆள் கிடையாது. ஒரு திங்கட்கிழமை, அடுக்குமாடிக் காவலாளி "எந்த கம்பெனி சார்?" என்று கேட்டபோது வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. தனிமை பழகிவிடும் என்று சொன்னவன் கையில் கிடைத்தால் நாலு கேள்வி கேட்பேன்.

நோட்டுப் போட்டு எழுதினேன். நாள், நேரம், இடம், அதற்கு முன் என்ன நடந்தது. "செவ்வாய், 11.40, ஏழாம் மாடி. கை நடுங்கி டார்ச் விழுந்தது. கோபம்." "வியாழன், காலை 6, வீடு. தம்ளர் நழுவியது. அழுகை." ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதால் ஒரு வாரம் டீயை நிறுத்தினேன், ஒரு வாரம் செய்தி பார்ப்பதை நிறுத்தினேன், ஒரு வாரம் காலைச் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிட்டேன். சாப்பிட்ட வாரம் கொஞ்சம் பரவாயில்லை. மற்றபடி ஒன்றும் பிடிபடவில்லை. பேன்ட் மட்டும் இடுப்பில் நிற்காமல் நழுவியது.

பன்னிரண்டாவது வாரம் நோட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போனேன். அந்த அம்மா பொறுமையாகப் புரட்டினார். புரட்டப் புரட்ட முகத்தில் சிரிப்பு.

"கை நடுங்குச்சு, கை நடுங்குச்சுன்னு பதினாலு இடத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. அதைக் கவனிக்கலையா?"

டார்ச் விழுந்ததைக் காரணமாக எடுத்துக்கொண்டவன், அதை நழுவவிட்ட கையைப் பற்றி யோசிக்கவே இல்லை. ரத்தம் எடுத்தார்கள். மறுநாள் ரிப்போர்ட் வந்தது: தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறதாம். "இந்தப் படபடப்பு, எடை குறையறது, மனசு இப்படித் திடீர் திடீர்னு மாறுறது எல்லாம் இதனால வரலாம். ஆனா எல்லாத்துக்கும் இதுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். தனியா வேற இருக்கீங்க," என்றார். முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு படியில் ஓடி இறங்கினேன்.

வாசலில் நின்றபடியே மகளைக் கூப்பிட்டேன். நாலாவது மணியில் எடுத்தாள்.

"கண்டுபிடிச்சிட்டேம்மா! தைராய்டு. அன்னைக்குக் கத்தினது நான் இல்ல, அதுதான். ரிப்போர்ட் கையில இருக்கு, அனுப்பட்டுமா?"

"எத்தனை நாளா இருக்காம்?"

"ஒரு ஏழெட்டு மாசமா இருக்கும்."

அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"நான் நாலாவது படிக்கிறப்ப, மாடிப்படியில உங்க ஷூ சத்தம் கேட்டா அம்மா டிவியைக் குறைப்பாங்க. இன்னைக்கு எந்த அப்பா வர்றாருன்னு சத்தத்தை வச்சே நாங்க ரெண்டு பேரும் சொல்லிடுவோம். ஒரு தடவைகூடத் தப்பினதில்ல. அப்பவும் தைராய்டாப்பா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக ஒரு வார்த்தை போதும். யார் போய்ச் சரிபார்க்கப் போகிறார்கள்? வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லம்மா," என்றேன். "அப்ப எனக்கு ஒரு நோயும் இல்ல. அது நான்தான்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"மறுபடி எப்ப ரத்தம் பார்க்கணும்?"

"ஆறு வாரம் கழிச்சு."

"அது முடிஞ்சதும் வாங்க," என்றாள்.

பிரசவத்துக்கு நாலு வாரம்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "சரிம்மா," என்றேன்.